பிரான்ஸ் போய் வந்த நாக்கு

நம் மலையகத்தில் 'போய் வந்தவர்கள்' என்றொரு இனம் இருக்கிறது. பார்த்திருப்பீர்கள். குவைத் போய் வந்தவர் கைக்கடிகாரம் தெரியும்படி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு திரிவார். இரண்டு மாதத்தில் கடிகாரமும் நிற்கும், அவரும் பழையபடி ஆகிவிடுவார். மதுரை, இராமேஸ்வரம் என்று கோயில் சுற்றி வந்தவர் அங்கே இட்லி எவ்வளவு மெது என்று ஒரு வாரம் சொல்லிவிட்டு, எட்டாம் நாள் பேசாமல் ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுக்கொள்வார். இவர்களால் ஊருக்கு ஒரு கெடுதலும் இல்லை. கெடுதல் மூன்றாவது வகையால்தான். பிரான்சுக்குப் போய், அதுவும் கோடைகாலமாகப் பார்த்துப் போய், மூன்றே மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்பி, எதை எப்படித் தின்ன வேண்டும், எந்தக் கிளாஸை எங்கே பிடிக்க வேண்டும், நாற்காலியில் எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்று நமக்குப் பாடம் எடுக்கிறாரே, அவர். அவரிடம் ஒரு தரம் மாட்டினீர்களானால் அப்புறம் உங்கள் வீட்டுச் சாப்பாடு உங்களுக்கே இறங்காது.

ஹட்டனில் இந்த வகைக்குத் தலைமகன் றோலண்ட். வயது ஐம்பத்தொன்று. கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலை பேக்டரியில் தூளின் தரம் பார்க்கிற டீமேக்கருக்கு உதவியாளாகப் பதினேழு வருஷம் இருந்தவர். பேக்டரியை மூடிவிட்டார்கள். கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரத்தில் பாரிசில் இருக்கும் அக்கா, "தம்பி, வந்து கொஞ்ச நாளைக்கு இருந்துட்டுப் போடா" என்று டிக்கட் எடுத்து அனுப்பினாள். போனார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜூன் மாதம் போய் ஒகஸ்ட் கடைசியில் வந்து இறங்கினார். இறங்கியவர் பழைய றோலண்ட் இல்லை என்பது வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மனைவி சுகிர்தத்துக்குத் தெரிந்துவிட்டது. அவள் ஊற்றிக் கொடுத்த பிளேன்டியை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, ஒரு நிமிஷம் சும்மா இருந்தார்.

"ஏங்க, ஈ விழுந்திருக்கா?" என்றாள் சுகிர்தம்.

"உறிஞ்சாம குடிக்கணும், சுகிர்தம். சத்தம் வரக் கூடாது. அங்க எல்லாம் அப்பிடித்தான்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் தேத்தண்ணி சத்தமில்லாமல் குடிக்கப்பட்டது. சுகிர்தம் அடுப்படியில் போய் உறிஞ்சிக்கொண்டாள்.

பாரிசில் அவர் என்ன பார்த்தார் என்று கேட்கிறீர்களா? கேட்காதீர்கள், அவர் சொல்லிவிடுவார். அக்கா வீடு நகரத்துக்கு வெளியே, ஆறாம் மாடியில். அங்கே மூன்று வேளையும் சோறும் பருப்பும் கருவாட்டுக் குழம்பும்தான். அத்தான் வேலை செய்த சாப்பாட்டுக் கடைக்குப் பின்பக்கமாகப் போய், கைக்கு ஒத்தாசையாகக் கிளாஸ் கழுவியிருக்கிறார். வைன் கிளாஸ்களோடு அவருக்கு ஏற்பட்ட பழக்கம் முழுவதும் அந்த வழியில் வந்தது. எந்தக் கிளாஸ் சிவப்புக்கு, எந்தக் கிளாஸ் வெள்ளைக்கு, எதன் கால் சட்டென்று ஒடியும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பெரிய மியூசியத்துக்கும் போனார். வரிசை நீளமாக இருந்ததால் வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஆனால் மனிதருக்கு ஆசை பொய்யில்லை. சாயங்காலம் ஒன்பதரைக்கும் வெயில் அடிக்கிற அந்தக் கோடையில், ஆற்றங்கரையில் ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்து, ஒரு போத்தலும் ஒரு நீளப் பாணும் வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்து நின்றார். பிறந்ததிலிருந்து பேக்டரிச் சங்கு ஊதின சத்தத்துக்கு எழும்பி சங்கு ஊதின சத்தத்துக்குப் படுத்தவருக்கு அது நெஞ்சில் இறங்கிவிட்டது. அதை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஹட்டனுக்குக் கொண்டுவந்தார்.

எப்படிக் கொண்டுவந்தார் என்றால், சுகிர்தத்தின் தையல் கடை வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை ரோட்டைப் பார்க்கப் போட்டார். பாரிசில் நாற்காலிகள் எல்லாம் ரோட்டைப் பார்த்துத்தான் இருக்குமாம். பிளவுஸ் தைக்க வருகிற பெண்கள் நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்து நுழைந்தார்கள். நுவரெலியா பஸ் ஒவ்வொன்றும் போகிறபோக்கில் அவர் முகத்தில் ஒரு வாய் புகையை ஊதிவிட்டுப் போனது. எதிரே ஓட்டோ நிறுத்துகிற வீரய்யாவை மனிதர் விடாமல் கூப்பிட்டு இரண்டாவது நாற்காலியில் உட்கார வைத்துக்கொள்வார்.

"அண்ணே, ரோட்டப் பாத்து ஒக்காந்து என்னத்தப் பாக்குறது?"

"வாழ்க்கைய, வீரய்யா. போற வர்ற வாழ்க்கைய."

"அது உள்ளுக்க மெசின் மிதிச்சிக்கிட்டு இருக்குங்கண்ணே."

இதெல்லாம் றோலண்டுக்கு உறைக்காது. அவர் அப்போது கிம்புலா பனிஸைப் பற்றிப் பேச ஆரம்பித்திருப்பார். சீனி தூவின அந்த முதலை வடிவப் பனிஸ் இருக்கிறதே, அது குரோசோங் என்கிற பிரெஞ்சுப் பலகாரத்துக்கு ஏழைத் தம்பியாம். மொறுமொறுவென்று சுட்ட ரோஸ் பாணைக் கத்தியால் வெட்டக் கூடாது, கையால் ஒடிக்க வேண்டும், ஒடிக்கும்போது வருகிற சத்தத்தைக் கேட்க வேண்டும். உளுந்து வடைக்கு வெள்ளை வைன், மாட்டிறைச்சிக் கறிக்குச் சிவப்பு, கட்டா சம்பலுக்கு இன்னும் முடிவாகவில்லை. வைனுக்கு எங்கே போவது? அவர் கொண்டுவந்த ஒரே போத்தல் முதல் கிறிஸ்மசோடு தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு பாடம் நெக்டோ சோடாவில் நடந்தது. நெக்டோவைக் கிளாஸில் ஊற்றி, காலைப் பிடித்து, சுழற்றி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "கிளாஸ் ஓரத்துல கோடு கோடா வழியுதே, அதுக்குப் பேரு கால். கால் இறங்குது பாரு" என்பார். வீரய்யாவும் பார்ப்பார். நுரைதான் இறங்கும்.

கொண்டுவந்த சீஸ் கட்டியின் கதை வேறு. நீலமாகப் பூஞ்சணம் பிடித்திருந்த அதைச் சுகிர்தம் பைப்படியில் வைத்து நன்றாகத் தேய்த்துக் கழுவி, பூஞ்சணத்தையெல்லாம் சுரண்டி எடுத்து, சுத்தமாகத் தட்டில் வைத்து நீட்டினாள். அந்தப் பூஞ்சணம்தான் ருசியே என்று றோலண்ட் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

இப்படியே இரண்டு வருஷம். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு வருஷமும் வீட்டில் அடுப்பு எரிந்தது தையல் மெசினால் என்பது றோலண்டுக்குத் தெரியாமலில்லை. தெரிந்த விஷயத்தைத் தெரியாதது போல் வைத்துக்கொள்ளத்தான் அத்தனை பேச்சு. மாதக் கடைசியில் சுகிர்தம் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய் ஊசியில் நூல் கோர்ப்பதைப் பார்த்தால் அவருக்கு அங்கே உட்கார முடியாது. உடனே எழுந்துபோய் வீரய்யாவுக்கு பிரெஞ்சுக்காரர்களின் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

இந்த வருஷம் ஏப்ரலில் வாய்ப்பு வந்தது. நுவரெலியாவில் சீசன் அல்லவா, குதிரைப் பந்தயமும் பூக்கண்காட்சியும் கொழும்பிலிருந்து வருகிற கார்களுமாக ஊர் தலைகால் புரியாமல் இருக்கிற மாதம். ஏரிக்கரைப் பக்கம் ஒரு பழைய ஹோட்டலில் 'பிரெஞ்சுக் கோடை' என்று இரண்டு வாரம் நடத்தப் போகிறார்கள். பிரெஞ்சுச் சாப்பாடு, பிரெஞ்சு வைன், பாட்டு, விளக்கு எல்லாம். அதை நடத்த பிரான்சிலிருந்தே ஒதீல் என்றொரு அம்மா பெட்டி பெட்டியாகப் போத்தலோடு வந்து இறங்கியிருக்கிறாள். விருந்தாளிகளை வரவேற்று ஒவ்வொரு போத்தலையும் எடுத்துச் சொல்ல உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும். சரிப்பட்டு வந்தால் வேலை நிரந்தரம். மெனேஜர் கணேசமூர்த்தி காதுக்கு நம் ஆளின் பேர் எப்படியோ எட்டியிருக்கிறது. புதன்கிழமை வரச் சொன்னார்.

வரச் சொன்னதை, வேலை கிடைத்துவிட்டது என்று றோலண்ட் ஹட்டன் முழுக்கச் சொல்லிவிட்டார். மார்க்கட்டில் சொன்னார். ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்று சொன்னார். சுகிர்தம் இரண்டு நாள் உட்கார்ந்து காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு கோட்டுத் தைத்தாள். புதன்கிழமை காலையில் போட்டுப் பார்த்தால் ஒரு கை நீளம். மடித்துத் தைக்க நேரமில்லை. பஸ்ஸில் வைத்துத் தைத்துவிடுகிறேன் என்று ஊசியும் நூலுமாக அவளும் ஏறிவிட்டாள்.

தலவாக்கலை தாண்டும்வரை தைத்தாள். நானுஓயா ஏற்றத்தில் அவர் புத்தி சொன்னார்.

"அங்க வந்து ஒரு பக்கமா ஒக்காந்துக்க. வாயத் தொறக்காத. அவங்க தேத்தண்ணி குடுத்தா..."

"உறிஞ்ச மாட்டேங்க. கைய ஆட்டாதீங்க, ஊசி குத்தும்."

ஹோட்டலில் அந்த அம்மாவைப் பார்த்ததும் றோலண்டுக்கு முதல் ஏமாற்றம். அறுபது வயதிருக்கும், குட்டையாக, கம்பளிச் சட்டைக் கையை முழங்கை வரைக்கும் சுருட்டி விட்டுக்கொண்டு, காலில் ரப்பர் செருப்போடு நின்றாள். பாரிஸ் இப்படியா இருக்கும்? இருந்தாலும் தன்னிடம் இருந்த மூன்று பிரெஞ்சு வசனங்களையும் வாசலிலேயே செலவழித்தார். அவள் சந்தோஷமாக நாலாவது ஒன்றை எதிர்பார்த்தாள். வரவில்லை. அதற்குப் பிறகு பேச்சு ஆங்கிலத்துக்கு மாறியது. சுகிர்தம் கதவோரம் ஒரு நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மேசையில் மூன்று போத்தல். ஒதீல் அம்மா முதலாவதை ஊற்றினாள். றோலண்ட் கிளாஸின் காலைப் பிடித்தார், சுழற்றினார், ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கினார், கண்ணை மூடினார். மெனேஜருக்கே கை தட்டலாம் போலிருந்தது. சத்தமில்லாமல் ஒரு மிடறு விழுங்கிவிட்டுச் சொன்னார்: "செர்ரிப் பழம். பழைய தோல். கொஞ்சம் புகையிலை."

செர்ரிப் பழத்தை அவர் கேக்குக்கு மேலே ஒன்று இருக்கப் பார்த்திருக்கிறார். மற்றதெல்லாம் போனில் படித்தது.

ஒதீல் அம்மா தலையாட்டிவிட்டுத் தன் கிளாஸை எடுத்தாள். வாயில் வைத்து 'சுர்ர்ர்' என்று உறிஞ்சினாள் பாருங்கள், வெளியே பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான். கன்னத்துக்குள் இப்படியும் அப்படியும் உருட்டி, காலடியில் இருந்த வாளியில் துப்பினாள். றோலண்டுக்குக் கோட்டுக்குள் வியர்த்தது. பிரான்சிலும் பட்டிக்காடு இருக்கும்போல, இந்த அம்மா அந்தப் பக்கம் என்று நினைத்துக்கொண்டார். கதவோரத்தில் சுகிர்தம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் அதே பேக்டரியில் தூள் சலிக்கிற அறையில் எட்டு வருஷம் நின்றவள். காலை பத்து மணிக்கு டீமேக்கர் அறையிலிருந்து வரிசையாக இதே சத்தம் வரும். வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, கரண்டியால் எடுத்து உறிஞ்சி, துப்பி, உறிஞ்சி, துப்பி. அதிலும் றோலண்ட் உறிஞ்சுகிற சத்தம் தனியாகத் தெரியும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் அவரைக் கட்டிக்கொண்டாள் என்று வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

"உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்டாள் ஒதீல் அம்மா.

றோலண்ட் அது எந்த மலைச்சரிவில் விளைந்திருக்கும், அந்த வருஷம் மழை எப்படி என்று விளக்கினார்.

"சரி. பிடித்திருக்கிறதா?"

அதை இதுவரைக்கும் அவரிடம் யாரும் கேட்டதில்லை. அவரும் கேட்டுக்கொண்டதில்லை. "மிகவும் உயர்ந்தது" என்றார். அவள் இரண்டாவதை ஊற்றினாள். அதுவும் மிகவும் உயர்ந்தது.

மூன்றாவது போத்தலில் கோட்டைப் படம் போட்ட லேபிள், தங்க எழுத்து. றோலண்ட் மூக்கருகே கொண்டுபோனார். கொண்டுபோன மாத்திரத்தில் மூக்குக்குப் பளிச்சென்று தெரிந்தது: கெட்டுவிட்டது. நனைந்த சாக்கு. மழைக்காலத்தில் ஸ்டோர் மூலையில் சாக்கு நனைந்து தேயிலையில் ஏறுகிற அதே வாடை. பேக்டரியில் இந்த வாடை வந்தால் அவர் ஒரே ஒரு தரம் கையைத் தூக்குவார், அந்தக் குவியல் முழுதும் அப்படியே நிற்கும். தோட்டத்துத் துரையே கேட்டாலும் அசைய மாட்டார். மூக்கில் அவ்வளவு நம்பிக்கை.

கை எழும்பப் பார்த்தது. கண் லேபிளைப் பார்த்தது. கோட்டை. தங்க எழுத்து. பிரான்ஸ்.

"மழையில் நனைந்த காடு" என்றார் றோலண்ட், கண்ணை மூடிக்கொண்டு. "பழைய நூலகம். ஆழமான மணம். இந்த மூன்றில் இதுதான் மகுடம்."

ஒதீல் அம்மா மெனேஜரைப் பார்த்தாள். மெனேஜர் மேசையைப் பார்த்தார். கதவோரத்தில் இருந்தவளையும் மரியாதைக்குக் கூப்பிட்டு அந்த அம்மா ஒரு கிளாஸை நீட்டினாள். சுகிர்தம் கணவனைப் பார்த்தாள். அவர் கண்ணால் வேண்டாம் என்றார். நீட்டியதை வாங்காமல் இருப்பது நல்லா இருக்காதே என்று வாங்கி, வாயில் வைக்காமல் மூக்கில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். உடனே மேசையில் வைத்துத் தள்ளிவிட்டாள்.

"ஏங்க, சாக்கு நாத்தம் அடிக்குதே. இத யாருக்கும் குடுத்துறாதீங்க, ஹோட்டலுக்குத்தான் கெட்ட பேரு."

"என்ன சொல்கிறார்?" என்று ஒதீல் அம்மா கேட்க, கணேசமூர்த்தி மொழிபெயர்த்தார். அந்த அம்மா மேசையில் தட்டிச் சிரித்தாள். வந்த பெட்டிகளில் சில போத்தலுக்குக் கார்க்கு மூடி கெட்டு, வைனில் வாடை ஏறிவிட்டதாம். மூன்றாவதைத் தெரிந்தேதான் வைத்திருந்தாள். விளக்கம் சொல்ல ஆள் எத்தனை பேரும் கிடைப்பார்கள். விருந்தாளிக்கு ஊற்ற முன்னால் இது கெட்டது என்று சொல்லுகிற ஆள்தான் வேண்டும் என்றாள்.

அப்போதாவது நம் ஆள் வாயை மூடினாரா? அந்த இனத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது. "நானும் அதைத்தானே சொன்னேன்" என்றார். "நனைந்த காடு என்றால் என்ன? நனைந்த சாக்குதான். கொஞ்சம் நாகரிகமாகச் சொன்னேன்."

"மகுடம்னும் சொன்னீங்களே, மிஸ்டர் றோலண்ட்" என்றார் மெனேஜர், மெதுவாக.

சுருக்கிச் சொன்னால், வேலை சுகிர்தத்துக்கு. நாளும் பின்னேரம் வந்து திறக்கிற போத்தல் அத்தனையையும் மோந்து பார்த்து நல்லது, கெட்டது சொல்ல வேண்டும். "எனக்குத் தைக்கிற வேலை கெடக்குங்களே" என்று அவள் தயங்கினாள். ஒதீல் அம்மா விடவில்லை. விருந்தாளிகளோடு பேச ஹோட்டலிலேயே ஒரு பெண்ணைப் போட்டுக்கொண்டார்கள். றோலண்டின் கையைப் பிடித்துக் குலுக்கி, கோட்டு ரொம்ப அழகு என்றாள் அந்த அம்மா. அது உண்மைதான், நன்றாகத்தான் தைத்திருந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் றோலண்ட் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு இருந்தார். கொட்டகலை வந்தது. பழைய பேக்டரியின் தகரக் கூரை தெரிந்து மறைந்தது. சுகிர்தம் அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"மெய்யாவே ஒங்களுக்குத் தெரியலயா?"

"தெரிஞ்சிச்சு."

"எப்ப?"

"மூக்குல வச்ச ஒடனே."

"அப்ப ஏங்க சொல்லல? ஒங்க மூக்க மீறி ஒரு தூள் வெளிய போனதில்லயே."

றோலண்ட் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார். பிறகு, இந்த இரண்டு வருஷத்தில் அவர் சொன்ன ஒரே உண்மையைச் சொன்னார்.

"அது பிரான்ஸ்லருந்து வந்தது, சுகிர்தம். கோட்டப் படம் போட்டிருக்கு. நான் யாரு அதக் கெட்டதுன்னு சொல்ல?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும் வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், அது வீடு வரைக்கும் அப்படியே இருந்தது.

மனிதர் திருந்தியிருப்பார் என்று எதிர்பார்க்கிறீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. சீசன் முடிந்தது, ஒதீல் அம்மா ஊருக்குப் போனாள், ஹோட்டல்காரர்கள் சுகிர்தத்தை விடவில்லை. சமையலறையில் வருகிற சாமான் எல்லாம் அவள் மூக்கைத் தாண்டித்தான் உள்ளே போகிறது. தையல் கடையை றோலண்ட் பார்த்துக்கொள்கிறார். பார்த்துக்கொள்கிறார் என்றால், வருகிற பெண்களிடம், சுகிர்தத்துக்கு இந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தது தான்தான் என்கிறார், அவர்கள் பிளவுஸ் கேட்கிறார்கள்.

சிரித்துவிட்டீர்கள். நல்லது. இப்போது உங்களிடம் வருகிறேன். போன கிழமை அந்தப் பெரிய கலியாண வீட்டில் புலாவுச் சோற்றை வாயில் வைத்ததும், எப்படி இருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவர் கேட்க, பதில் சொல்ல முன்னால் யார் முகத்தைப் பார்த்தீர்கள்? கொழும்பில் கண்ணாடிச் சுவர் வைத்த அந்தக் கடையில் மருந்து போல் கசந்த காப்பியைக் குடித்துவிட்டு, விலையைப் பார்த்ததும் தலையை ஆட்டியது நீங்கள் இல்லையா? வெளிநாட்டு மாமா கொண்டுவந்த சொக்கலட் வாயில் மெழுகாக ஒட்டினபோது, பிள்ளைகளிடம் என்ன சொன்னீர்கள்? இல்லை, நான் அந்த ஆள் இல்லை என்கிறீர்கள். இருக்கலாம். அப்படியானால் ஒரு சின்னச் சோதனை. இதோ, படித்து முடித்துவிட்டீர்கள். நன்றாக இருந்ததா, இல்லையா? எழுதினது யார், பெரிய ஆளா, மற்றவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடப் போனைக் கையில் எடுக்க முன்னால் சொல்லுங்கள்.